கம்பளி ஆலையில் பிறந்த காற்றூதி

திருப்பூரைச் சுற்றி அருள்புரம், வீரபாண்டி என்று எந்தச் சாயக்கழிவு பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழைந்தாலும், தண்ணீர் கண்ணில் படுவதற்கு முன்பே ஒரு சத்தம் காதை அடைக்கும். தொட்டிக்குள் வேலை செய்யும் நுண்ணுயிரிகளுக்கு இரவு பகல் பாராமல் காற்று ஊதும் புளோயரின் சத்தம் அது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் திரும்பப் பயன்படுத்தியாக வேண்டும் என்ற நிலைக்கு ஊர் வந்ததும் எல்லோரும் அறிந்த கதை. அந்தக் கதையில் சவ்வு வடிகட்டிகளுக்குக் கிடைத்த பேரும் பேச்சும் புளோயருக்குக் கிடைக்கவில்லை.

பல நிலையங்களில் இருப்பது ரூட்ஸ் வகை புளோயர். ஓர் இரும்புக் கூட்டுக்குள் இரண்டு ரோட்டர்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒவ்வொன்றிலும் இரண்டு அல்லது மூன்று புடைப்புகள். அவற்றை லோப் என்பார்கள். ஒன்றின் புடைப்பு மற்றதன் பள்ளத்துக்குள் வந்துபோகும், ஆனால் தொடாது. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பற்சக்கரங்கள் அந்த இடைவெளியைக் காத்துக்கொள்ளும். ஒரு பக்கம் உள்ளே வரும் காற்றை ரோட்டருக்கும் கூட்டின் சுவருக்கும் நடுவே அடைத்து மறுபக்கம் கொண்டுபோய்த் தள்ளுவது மட்டுமே அதன் வேலை.

இதே இயந்திரத்தைச் சுருக்கி, பெட்ரோல் இன்ஜினின் தலைமேல் வைத்து, பெல்ட் போட்டு ஓட்டினால் அதன் பெயர் சூப்பர்சார்ஜர். 2013இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜாகுவார் எஃப்-டைப் காரின் இன்ஜினில் இருந்தது இந்த வம்சத்தைச் சேர்ந்த ஒன்றுதான். திருப்பூர்–தாராபுரம் சாலையில் இருக்கும் அவிநாசிபாளையம் வட்டாரத்தில் விரைவுக்கார் மோகம் உள்ள இளைஞர்கள் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வியக்கும் அந்தப் பொருளின் அண்ணன், பக்கத்திலேயே பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பராமரிக்கத் தெரிந்த கைகளும் இங்கேயே இருக்கின்றன. கார் சூப்பர்சார்ஜரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. இது ஒரு ஜவுளி ஆலையில் பிறந்த இயந்திரம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற சிற்றூரில் ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் கம்பளி ஆலை நடத்தினார்கள். 1850களில், ஆலையை ஓட்டிய நீர்ச்சக்கரத்துக்குப் பதிலாகத் திறமையான வேறொன்றைச் செய்யப் பார்த்து, மர லோப்கள் வைத்த ஒரு சுழலியைச் செய்தார்கள். தண்ணீர் பட்டதும் மரம் உப்பி இறுகிக்கொண்டது. நீர்ச்சக்கரமாக அது தோற்றுப்போனாலும், வெறுமனே சுற்றிப் பார்த்தபோது காற்றைப் பலமாகத் தள்ளியதைக் கவனித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1860இல் காப்புரிமை வாங்கி, உலைகளுக்குக் காற்று ஊதும் கருவியாக விற்றார்கள். குப்போலா உலையை நன்கு அறிந்த கோவை வார்ப்படக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிய சேதியாக இருக்காது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் யோசனைக்குக் காட்லீப் டைம்லர் காப்புரிமை பெற்றது 1885இல். மெர்சிடிஸ் நிறுவனம் 1921 பெர்லின் கண்காட்சியில் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களை விற்பனைக்கு என்றே காட்டியது. இந்தியாவுக்கும் இதில் பழைய பங்கு உண்டு: இந்தூர் மகாராஜா ஹோல்கருக்காக 1930களில் செய்யப்பட்ட டூசன்பர்க் எஸ்ஜே ஸ்பீட்ஸ்டரில் இருந்ததும் சூப்பர்சார்ஜர் பூட்டிய இன்ஜின்தான்.

இன்ஜினுக்குள் ஏன் காற்றைத் திணிக்க வேண்டும்? பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது எளிது, பம்ப்பும் இன்ஜெக்டரும் போதும். அதை எரிக்கத் தேவையான காற்றைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டருக்குள் தானாக வந்து நிறைவது எவ்வளவோ அவ்வளவுதான் சாதாரண இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்று. அதன் எடை ஊரையும் வெயிலையும் பொறுத்தது. கடல் மட்டத்தில் 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ. கோவை–திருச்சி சாலையைத் திருப்பூர்–தாராபுரம் சாலை வெட்டும் அவிநாசிபாளையம் பகுதியின் உயரத்தைச் சுமார் 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 40 டிகிரி தகிக்கும் சித்திரை மதியத்தில் அதே கன மீட்டர் 1.09 கிலோதான் தேறும். காட்சிக்கூடத்தில் காகிதத்தில் எழுதிக் கொடுத்த குதிரைசக்தியில் ஒரு பங்கை அந்த உயரமும் வெயிலும் சேர்ந்து எடுத்துக்கொள்கின்றன.

இரண்டு லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது ஏறக்குறைய 6,000 லிட்டர் காற்றை விழுங்கும். அதற்கு முன்னால் நிமிடத்துக்கு 8,500 லிட்டர் தள்ளும் புளோயரை வைத்தால், போக இடமில்லாத காற்று குழாயில் நெருக்கியடித்து அழுத்தம் ஏறுகிறது. இதைத்தான் பூஸ்ட் என்கிறார்கள். ரூட்ஸ் புளோயர் தனக்குள் காற்றை அமுக்குவதில்லை, தள்ளுவது மட்டுமே. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நெரிசல்தான் அழுத்தத்தை உண்டாக்குகிறது. சுத்திகரிப்புத் தொட்டியிலும் இதே கணக்குத்தான். ஐந்து மீட்டர் ஆழத் தண்ணீருக்கு அடியில் காற்றை விட வேண்டுமானால் சுமார் 0.5 பார் அழுத்தம் தேவை. மிதமான சூப்பர்சார்ஜர் கிட் ஒன்று இன்ஜினுக்குக் கொடுக்கும் பூஸ்ட்டும் அதே 0.5 பார். கானர்ஸ்வில் சகோதரர்களின் ஒரே இயந்திரம், ஒரே அழுத்தத்தில், ஓரிடத்தில் நுண்ணுயிரிகளுக்கு மூச்சு கொடுக்கிறது, இன்னோரிடத்தில் பிஸ்டனை உதைக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

புளோயர் அறையில் வேலை பார்ப்பவர்களிடம் வெளியேற்றும் குழாயைத் தொடச் சொன்னால் சிரிப்பார்கள். தொட்டால் கை பொத்துப்போகும். காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்பது இயற்பியல் விதி. 40 டிகிரியில் உள்ளே போன காற்று 0.5 பார் ஏறும்போது, குறையே இல்லாத இயந்திரமாக இருந்தால் 78 டிகிரிக்குப் போகும். 60 சதவீதத் திறன் கொண்ட ரூட்ஸ் புளோயரில் 104 டிகிரியைத் தொடும். சூடான காற்று விரிந்துவிடுவதால், அழுத்தம் ஒன்றரை மடங்கு ஏறினாலும் சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை 24, 25 சதவீதம்தான் கூடும். அந்தக் காற்றை இன்டர்கூலர் வழியாக அனுப்பி 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அதே அழுத்தத்தில் 41 சதவீதம் கூடுதல் காற்று கிடைக்கும். சூப்பர்சார்ஜருக்குக் கொடுத்த காசில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குப் பலனை இன்டர்கூலர்தான் கையில் கொடுக்கிறது. செலவைக் குறைக்கிறேன் என்று அதை விட்டுவிடும் கிட்களை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இலவசமாக எதுவும் வருவதில்லை. மேலே சொன்ன காற்றை அந்த அளவு அழுத்த மட்டும் சுமார் 10 கிலோவாட், அதாவது 13 குதிரைசக்தி செலவாகும். அதை கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் பிடுங்கிக்கொள்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றும் டர்போ இந்த விஷயத்தில் சிக்கனமானது. லாரிகளிலும் இன்றைய சிறு கார்களிலும் டர்போவே நிறைந்திருப்பதற்கு அது ஒரு காரணம். சூப்பர்சார்ஜர் பிரியர்கள் கேட்பது வேறு. இன்ஜினோடு பெல்ட்டால் கட்டப்பட்டிருப்பதால், மிதித்த கணமே காற்று தயாராக நிற்கும். டர்போ சுற்றேறக் காத்திருக்கும் அந்த அரை நொடி இதில் இல்லை.

இனி பொருத்தும் வேலை. முதல் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து, ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. ரிங் தேய்ந்த இன்ஜினில் பூஸ்ட் ஏற்றினால் காற்று கிராங்க் அறைக்குள் இறங்கி, எண்ணெயை ஆவியாக்கி மேலே அனுப்பும். அந்த எண்ணெய் இன்டர்கூலரில் படியும், சிலிண்டருக்குள்ளும் போகும்.

பழைய இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றியதும் சிலிண்டர் தலையின் வாய்கள் திறந்து கிடக்கும். சுத்தமான துணியால் அடைத்த பிறகே கேஸ்கட் பரப்பைச் சுரண்ட வேண்டும். திருப்பூர்ப் பக்கம் பட்டறைகளில் துணிக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் நூல் பிரியும் வெட்டுத்துண்டுப் பனியன் வேஸ்ட் இந்த இடத்துக்கு ஆகாது. ஒரு நூலிழை பெரிய சேதம் செய்யாமல் போகலாம், அதில் ஒட்டியிருக்கும் சுரண்டல் துகள் சிலிண்டர் சுவரில் கோடு போட்டுவிடும். போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, குறுக்கு மறுக்காக, டார்க் ரெஞ்சால் இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். அலுமினியக் கூட்டை ஒரு மூலையில் மட்டும் முறுக்கினால் அது லேசாக வளையும். ரோட்டர்களுக்கு இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் என்பதை நினைத்தால் கை தானாக நிதானமாகும்.

பெல்ட்டில்தான் பலருக்கும் பொறுமை போகும். கிராங்க் புல்லியும் புளோயர் புல்லியும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினால்கூட பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரியும். கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், புளோயர் புல்லி 75 மில்லிமீட்டர் என்றால் இன்ஜின் 6,000 சுற்றில் இருக்கும்போது புளோயர் 12,000 சுற்றில் இருக்கும். சுற்றுக்கு 0.75 லிட்டர் தள்ளும் புளோயர் அந்த வேகத்தில், கசிவு போக, நாம் கேட்ட 8,500 லிட்டரைக் கொடுத்துவிடும். சின்னப் புல்லி போட்டால் பூஸ்ட் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு புளோயருக்கும் தயாரிப்பாளர் விதித்த உச்ச வேகம் ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் காற்றைவிடச் சூடுதான் அதிகம் வரும், பேரிங்கும் சீக்கிரம் போகும். புல்லி சிறுக்கச் சிறுக்க பெல்ட் அதைச் சுற்றிப் பிடிக்கும் நீளமும் குறைந்து வழுக்கத் தொடங்கும்.

அடுத்து எரிபொருள். சாதாரணமாக அந்த இரண்டு லிட்டர் இன்ஜின் முழு மிதியில் நிமிடத்துக்கு 700 மில்லி பெட்ரோல் கேட்டது என்றால், இப்போது ஒரு லிட்டருக்கு மேல் கேட்கும். பூஸ்ட்டில் இருக்கும்போது கலவையைச் சற்றுக் கொழுப்பாக வைத்து உள்சூட்டைத் தணிக்க வேண்டியிருப்பதால் இந்தக் கணக்கு. பழைய இன்ஜெக்டரும் பம்ப்பும் இதற்குத் தாங்குமா என்பதை அளந்து பார்த்துவிட வேண்டும், ஊகத்தில் விடக் கூடாது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் ஒரு கிராம் எரிய 9 கிராம் காற்றே போதும், அதனால் அதே காற்றுக்கு எரிபொருள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓட வேண்டும். அதில் ஒரு நன்மையும் உண்டு. எத்தனால் ஆவியாகும்போது அதிகச் சூட்டை உறிஞ்சும், நாக்கிங்கையும் நன்றாகத் தாங்கும்.

நாக்கிங் என்பது சூப்பர்சார்ஜர் வண்டிக்கு எமன். தீப்பொறி பற்றவைத்த சுடர் போய்ச் சேருமுன், மூலையில் ஒதுங்கிய கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடித்துவிடுவதைத்தான் 'இன்ஜின் தட்டுது' என்கிறார்கள். சில நொடிகள் கடுமையாகத் தட்டினாலே ரிங் மேடு உடைந்து, பிஸ்டன் ஓரம் உருகிவிடும். 10க்கு 1 என்ற கம்ப்ரஷனில் வந்த இன்ஜினில் 0.5 பார் ஏற்றும்போது தீப்பொறி நேரத்தைப் பின்தள்ள வேண்டும், 95 அல்லது அதற்கு மேல் ஆக்டேன் பெட்ரோல் போட வேண்டும், ஒரு படி குளிர்ச்சியான பிளக் மாட்ட வேண்டும். பிளக் இடைவெளியை 1.1 மில்லிமீட்டரிலிருந்து 0.7, 0.8க்குக் குறைப்பார்கள். அடர்ந்த காற்றில் பொறி தாவக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும், இடைவெளி பெரிதாக இருந்தால் பொறியே அணைந்துபோகும். இவை அனைத்தையும் ஒன்றாகக் கட்டுவது இன்ஜின் கணினியான ஈசியுவில் எழுதும் மேப். ஆக்சிஜன் அளவி பொருத்தி, சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி, குறைந்த பூஸ்ட்டிலிருந்து படிப்படியாக எழுதிய மேப் வேண்டும். வேறொரு காருக்கு எழுதியதை அப்படியே இறக்குவது, அடுத்தவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வது போன்றது.

இத்தனையும் செய்தால், 150 குதிரைசக்தி இன்ஜினில் கணக்குப்படி 60 கூட வேண்டும். பெல்ட் எடுத்தது, தீப்பொறியைப் பின்தள்ளியது எல்லாம் கழிந்து 40 சொச்சம் சக்கரத்துக்குப் போனால் அது நேர்மையாகச் செய்த வேலை. 1929–30 வாக்கில் வந்த பென்ட்லி புளோயர் கார்கள் 110லிருந்து 175க்குப் போயின. பந்தயத்தில் பேர் வாங்கின என்றாலும் லெ மான்ஸ் பந்தயத்தில் ஒருமுறைகூட வென்றதில்லை. நிறுவனரான டபிள்யு. ஓ. பென்ட்லிக்கு அதில் உடன்பாடே இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதிசெய்தது. தொழிற்சாலையிலேயே சூப்பர்சார்ஜரோடு வந்த கார் சாலைக்கு உரியது. கிட் வாங்கி ஏற்றிய கார் பந்தயத் தடத்துக்கு உரியது, அதை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதே முறை. தடம் தொலைவில் இல்லை. பந்தயக்கார் வடிவமைப்பாளர் எஸ். கரிவர்தன் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு அவிநாசிபாளையத்திலிருந்து பல்லடம் வழியாகப் போய்விடலாம். தாராபுரம் சாலையில் பஞ்சு லாரிக்கும் மில் பஸ்ஸுக்கும் நடுவே 0.5 பார் பூஸ்ட்டைப் பரீட்சை பார்ப்பதை நான் மனதார எதிர்க்கிறேன். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களின் சாலை அது.

பராமரிப்புக்கு வருவோம். இங்கேதான் இந்த வட்டாரம் தனக்கென்று ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. பல்லடம் விசைத்தறிகள், நூற்பாலைகள், கழிவுப்பஞ்சு மில்கள் ஆகியவற்றிலிருந்து பறக்கும் பஞ்சு ஒரு பக்கம். காரணம்பேட்டை, கோடங்கிபாளையம் கல்குவாரிப் பொடியும் செம்மண் புழுதியும் மறுபக்கம். இரண்டும் காருக்குச் செய்யும் கெடுதல் வேறுவேறு. பஞ்சு கண்ணுக்குத் தெரியும், பெரும்பாலும் முகப்பிலேயே மாட்டிக்கொள்ளும். இன்டர்கூலருக்கான சிறு ரேடியேட்டரை பம்பருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், துடுப்புகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் நெய்தது போலப் படிந்திருக்கும். விரலால் ஒரு ஓரம் தூக்கினால் முழுதாக உரிந்து வரும். அந்தப் படலம் இருக்கும்வரை 60 டிகிரி என்று போட்ட கணக்கெல்லாம் வீண். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும்.

கல்பொடி கண்ணுக்குத் தெரியாது. அதில் இருக்கும் குவார்ட்ஸ் அலுமினியத்தைவிடப் பல மடங்கு கடினமானது. ரோட்டர்களின் மேல் பூசியிருக்கும் மெல்லிய பூச்சுதான் இடைவெளியை அடைத்துக் காற்று பின்னால் கசியாமல் காப்பது. வடிகட்டியில் ஒரு சின்ன ஓட்டை, குழாய் இணைப்பில் தளர்ந்த கிளிப் ஒன்று இருந்தால்கூட 12,000 சுற்றில் அந்தப் பொடி பூச்சை அரித்துவிடும். எண்ணெய் தடவிய பருத்தி வலை ஃபில்டர்கள் இழுவைக்கு நல்லது என்று விற்கப்படுகின்றன. குவாரிப் பொடி பறக்கும் சாலைகளில் ஓடும் வண்டிக்கு நல்ல காகித ஃபில்டரே மேல் என்பது என் முடிவு. கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டரை எதிர்பார்க்காமல் முன்னதாகவே மாற்ற வேண்டும்.

புளோயருக்குள் இருக்கும் பற்சக்கரங்களுக்குத் தனி எண்ணெய் உண்டு, இன்ஜின் எண்ணெயோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. பல கார் புளோயர்களில் அளவு 100 முதல் 200 மில்லிக்குள்தான். சுத்திகரிப்பு நிலையத்துப் புளோயரில் எண்ணெய் மட்டத்தைக் காட்டும் கண்ணாடி இருக்கும், ஆபரேட்டர் போகிறபோக்கில் ஒரு பார்வை பார்த்துவிடுவார். காரில் அந்த வசதி இருக்காது. ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்று சொல்லி வரும் புளோயர்களில்கூட, லட்சம் கிலோமீட்டர் வாக்கில் எண்ணெய் கறுத்து, அழுகிய நாற்றத்தோடு வருவதுண்டு. தயாரிப்பாளர் சொன்ன ரகத்தை, சொன்ன அளவுக்குத்தான் ஊற்ற வேண்டும். அதிகமானால் நுரைத்து, சீலைத் தாண்டிக் காற்றறைக்குள் வரும்.

அந்த ஆபரேட்டர்களிடமிருந்து கார்க்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று இருக்கிறது. ஷிஃப்ட் தோறும் அழுத்தம், சூடு, மோட்டார் ஆம்பியர் மூன்றையும் பதிவேட்டில் எழுதுவார்கள். நேற்றைய எண்ணோடு இன்றைய எண் ஒத்துப்போகாதபோது, எதுவும் உடைவதற்கு முன்பே சேதி கிடைத்துவிடும். காரிலும் ஒரே கியர், ஒரே சுற்றில் பூஸ்ட் எவ்வளவு, உள்ளே போகும் காற்றின் சூடு எவ்வளவு என்று எழுதி வைத்தால் போதும். உயர் சுற்றில் மட்டும் பூஸ்ட் விழுந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருக்கும், பெல்ட்டின் உட்புறம் கண்ணாடி போல மினுங்கும். எல்லாச் சுற்றிலும் குறைந்தால் குழாய்க் கசிவையோ பைபாஸ் வால்வையோ பார்க்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் கசிவு குமிழி விடும். பூஸ்ட் சரியாக இருந்து சூடு மட்டும் ஏறினால், இன்டர்கூலர் தண்ணீரைச் சுற்றவிடும் சின்ன மின்பம்ப் நின்றிருக்கலாம், அல்லது குழாயில் காற்றுக் குமிழ் அடைத்திருக்கலாம்.

ஐடிலில் கடகடவென்று ஒரு சத்தம் வந்து, ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் மறைந்தால், பெரும்பாலும் அது புல்லித் தண்டுக்கும் ரோட்டருக்கும் நடுவே இருக்கும் கப்ளர் தேய்ந்த சத்தம். சின்ன பாகம், சின்னச் செலவு. சுற்றோடு சேர்ந்து ஏறும் கரகரப்பு என்றால் பேரிங். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். வழவழவென்று ஓடாமல் ஏதாவது ஓரிடத்தில் பிடித்து விட்டால், அந்த வண்டியை அன்றைக்கு ஸ்டார்ட் செய்யக் கூடாது. பேரிங் தளர்ந்தால் ரோட்டர்கள் ஒன்றையொன்று உரசும், உரசிக் கிளம்பும் அலுமினியச் சீவல்கள் நேராகச் சிலிண்டருக்குள் போகும். உரசிய ரோட்டரை எமரி தாளால் தேய்த்துச் சரிசெய்து மாட்டுவதும் நடக்கிறது. தேய்த்த இடத்தில் இடைவெளி கூடி, அழுத்திய சூடான காற்று அதன் வழியே பின்னால் வந்து மறுபடி அழுத்தப்படும், அடுத்த சுற்றில் இன்னும் சூடேறும். அந்த நிலைக்கு வந்த புளோயரை ரோட்டரும் கூடுமாகச் சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.